இசைவாணர் தம்மை அளப்பது எப்படி?

நெல்லை அளக்க மரக்கால் இருக்கிறது. துணியை அளக்க முழக்கோல் இருக்கிறது. தாம் இழைத்த பலகை சமமாக இருக்கிறதா என்று அறியத் தச்சர் அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். பாட்டை அளக்க என்ன இருக்கிறது? ஆண்டு முழுவதும் நாள்தோறும் மூன்று மணி நேரம் சாதகம் செய்த ஒருவர், சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு தாம் முன்னேறியிருப்பதாக எதைக்கொண்டு சொல்வார்?

கேள்வி எளியதுபோலத் தோன்றும். விடை தவறினால் வரும் இழப்பு எளியதன்று. நல்ல குரலும் நல்ல பாடமும் உள்ள இளைஞர் ஒருவர், இரண்டு மார்கழிகளில் நண்பகல் வேளையில், வெறுமையாகக் கிடக்கும் நாற்காலிகளுக்கு நடுவே பத்துப் பேருக்குப் பாடுகிறார். 'நமக்கு இது வராது' என்று முடிவு கட்டித் தம்பூராவை உறையிலிட்டு வைத்துவிடுகிறார். இன்னொருவருக்கு முதற் கச்சேரியிலேயே கைதட்டல் கிடைக்கிறது. அவர் கற்பதை நிறுத்திக்கொள்கிறார். இருவரும் தம்மை அளந்தது ஒரே கோலால். அந்தக் கோல் வந்திருந்தவர்களின் தொகையை அளந்ததேயன்றி, அவர்களுடைய பாட்டை அளக்கவில்லை.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது தனித்து நிற்கும் இசைவாணரைப் பற்றி. மாதச் சம்பளம் தரும் நிறுவனமோ, படக்கம்பெனியோ, பரம்பரைப் பெயரோ துணை நில்லாமல், தம் குரலையும் கையையும் மட்டுமே நம்பி மேடைக்கு வருபவர் அவர். இத்தகையவர் இன்று தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றனர். அவர்களுக்கு முன்பு இல்லாத ஒரு தொல்லை இருக்கிறது. அது என்னவென்று அறிய, சற்றே பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

குருகுலத்தில் வளர்ந்த மாணவர் தம்மைத் தாமே அளந்துகொள்ள வேண்டியிருந்ததில்லை. திண்ணையில் சாய்ந்திருந்த குரு 'உம்' என்று சொன்னால் அன்றைய பாடம் தேறிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுநாளும் அதே சங்கதிதான். கற்றுத் தேறியபின் அரண்மனையோ கோயிலோ அவருக்கு ஓர் இடத்தை வகுத்துத் தந்தது. தஞ்சை மராட்டிய அரசு 1855-இல் முடிவுற்றது. வித்துவான்கள் பலர் சென்னை நோக்கி வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சபாக்கள் தோன்றின. 1928-இல் சென்னை மியூசிக் அகாடமி நிறுவப்பெற்றது. 1938-இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிற்று. புரவலர் ஒருவர் இருந்த இடத்தில் பொதுமக்கள் வந்து அமர்ந்தனர். இதனால் விளைந்த நன்மை பெரிது. பிறப்பும் பரிந்துரையும் இல்லாதவர்க்கும் வாயில் திறந்தது. ஆனால் நாள்தோறும் அருகிருந்து கேட்டுச் சொல்லும் காது போய்விட்டது. இன்றைய மாணவர் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஆசிரியரைக் காண்கிறார். சிலர் கணினித் திரையில் காண்கின்றனர். அரங்கேற்றம் முடிந்ததும் அதுவும் அருகிவிடுகிறது. இருபத்தைந்து வயதில் அவர் தமக்குத் தாமே குருவாக இருக்கவேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். ஆயினும் குருவாக இருப்பதற்குரிய பயிற்சியை அவருக்கு யாரும் தந்ததில்லை.

வெளியார் தரும் அளவைகள் இல்லாமலில்லை. ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் அவற்றால் தீங்கு இல்லை.

சபா தரும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். நண்பகல் கச்சேரி, பிற்பகல் கச்சேரி, மாலையில் நுழைவுச்சீட்டு வைத்து நடக்கும் கச்சேரி என்று படிகள் இருக்கின்றன. ஒரு பாடகருக்கு எத்தனை பேர் வருவர் என்று நடத்துவோர் போடும் மதிப்பீடே பெரும்பாலும் அந்தப் படி. அதில் அவருடைய இசைக்குப் பங்கு உண்டு; ஊரும் உறவும் அவ்வாண்டுப் பேச்சும் அதில் கலந்திருக்கும்.

வானொலியின் தரவரிசை வேறு வகை. 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் கலைஞர்களைத் தேர்வு செய்து தரம் பிரிக்கும் முறை ஏற்பட்டது. தொடக்கத்தில் எதிர்ப்பும் எழுந்தது. புகழ் பெற்றோரையும் தேர்வுக்கு அழைப்பதா என்று கேட்டனர். பி, பி உயர்நிலை, ஏ, ஏ உச்சநிலை என்னும் படிகள் இன்றும் வழங்குகின்றன. பாடுபவர் யார் என்று அறியாமல் ஒலிப்பதிவைக் கேட்டு முடிவு செய்வது இம்முறையின் சிறப்பு. நேர்மையான அளவைதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே அது நம்மை அளக்கும். இடையிலுள்ள ஆயிரம் நாட்களில் வழிகாட்ட அதனால் இயலாது.

மூன்றாவது இக்காலத்துக்கே உரியது: இணையத்தில் எத்தனை பேர் கேட்டனர் என்னும் எண். இது நாழிகைக்கு நாழிகை மாறும். ஆகையால்தான் இளைஞரை மிகவும் அலைக்கழிக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்களில் ஒருவர் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால் அது ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். முழுவதும் கேட்டவரும் 31-ஆம் விநாடியில் எழுந்து போனவரும் அங்கே ஒன்றே. நம்முடைய ராக ஆலாபனையில் 30 விநாடி என்பது என்ன? காம்போதியின் முதற்பிடியைப் பிடித்து ஷட்ஜத்தில் வந்து நிற்பதற்குள் அந்நேரம் கழிந்துவிடும். மேலும், 2024-ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம், ஒரு பதிவு பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டாலன்றி அதற்குப் பணம் கணக்கிடுவதில்லை என்று விதித்திருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டவேண்டும் என்பது வருவாய்க்கான இலக்காக இருக்கலாம். 900 கேட்புப் பெற்ற தோடி, 1,100 கேட்புப் பெற்ற தோடியைவிடத் தாழ்ந்தது என்று யாரும் துணிந்து சொல்லமாட்டார்கள். ஆனால் தனியே அமர்ந்து அந்த எண்ணைப் பார்க்கும் பாடகர் அவ்வாறே எண்ணத் தொடங்கிவிடுகிறார்.

ஆக, இவை மூன்றையும் வரவுசெலவு ஏட்டில் எழுதி வைப்பது முறை. சாதகத்துக்கென்று வேறோர் ஏடு வேண்டும். அதில் என்ன எழுதுவது?

முதலில் சுருதி. இதைக் கருவிகொண்டே பெரும்பாலும் அளந்துவிடலாம். சுரத்தின் நிலையை முள்போலக் காட்டும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் எதை அளக்கலாம், எதை அளக்கலாகாது என்று தெரிந்திருக்கவேண்டும். ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள். அவற்றை நீட்டிப் பிடித்து நிற்கும்போது முள் அசையாமல் நிற்கவேண்டும். தோடியின் காந்தாரத்தை அதே கருவியிடம் காட்டினால் அது தவறு என்றே சொல்லும். ஏனென்றால் அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடுவதே அதன் உயிர். கருவிக்குக் கமகம் தெரியாது. ஆகவே நாள்தோறும் சாதகத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் மந்தர பஞ்சமம், மத்திய ஷட்ஜம், தார ஷட்ஜம் ஆகிய மூன்றை மட்டும் அளந்து குறித்துக்கொண்டால் போதும். இரண்டு மணி நேரம் பாடியபின் தார ஷட்ஜம் சற்றே தாழ்ந்து விழுகிறது என்று ஏடு காட்டுமானால், அவருடைய காதில் குறையில்லை. மூச்சிலும் களைப்பிலும் குறை என்று தெரியும். குறையின் இடம் தெரிந்தால் அதற்கான பயிற்சியும் தெரியும்.

அடுத்தது காலப்பிரமாணம். இதைப் போல நம்மை ஏமாற்றுவது வேறொன்றுமில்லை. பாடும்போது எல்லாம் ஒரே சீராக ஓடுவதாகவே தோன்றும். ஒலிப்பதிவைக் கையில் கடிகாரத்துடன் கேட்கவேண்டும். ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை தொடங்கும்போது எட்டு அட்சரங்கொண்ட ஓர் ஆவர்த்தனம் எட்டு விநாடி கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 அட்சரம். கற்பனை சுரம் பாடி முடிக்கும்போது அதே ஆவர்த்தனம் ஏழு விநாடியில் முடிந்தால், ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 அட்சரமாக ஏறிவிட்டது என்று பொருள். பெரிய வித்துவான்களின் கச்சேரியிலும் ஓட்டம் ஓரளவு ஏறுவதுண்டு. அதனால் சுவை கெட்டுவிடாது. தாம் ஏற்றியதை அறிந்து ஏற்றினாரா, அறியாமல் ஓடினாரா என்பதுதான் வேற்றுமை. மாதத்துக்கு ஒருமுறை இவ்வாறு அளந்து குறிப்பவர் ஆறு மாதத்தில் தம் இயல்பைத் தெரிந்துகொள்வார்.

இவ்விரண்டையும் ஒருங்கே சோதிக்க ஓர் உருப்படியை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. பச்சிமிரியம் ஆதியப்பையர் இயற்றிய பைரவி ராக அட தாள வர்ணம் இதற்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. அட தாளத்தின் 14 அட்சரத்தில் இரண்டு காலம் பாடும்போது மறைத்துவைத்த குறைகளெல்லாம் வெளியே வந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை, அதே சுருதியில், அதே வேகத்தில் அதைப் பாடிப் பதிவு செய்து நாள் குறித்து வைக்கவேண்டும். பதிவை அன்றிரவே கேட்கலாகாது. அன்று காதில் விழுவது, தாம் பாட எண்ணிய பாட்டு. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் உண்மையில் பாடியது கேட்கும்.

மூன்றாவது பாடம். எத்தனை உருப்படி தெரியும் என்று கேட்டால் இருநூறு முந்நூறு என்று சொல்பவர் பலர். ஏட்டில் மூன்று பத்தி வரைந்து பார்க்கட்டும்: இப்பொழுதே தாளின்றிப் பாடக்கூடியவை ஒன்று, இரண்டு நாள் தூசி தட்டினால் வருபவை ஒன்று, ஒரு காலத்தில் தெரிந்தவை ஒன்று. முந்நூறில் முதற்பத்திக்கு எழுபது தேறினால் வியப்படையவேண்டாம். மேடையில் கைப்பேசியைப் பார்த்துப் பாடுவோர் இப்பொழுது பெருகியிருக்கின்றனர். அதைக் கண்டிப்பது இங்கே நம் வேலையன்று. அவ்வாறு பாடியதை முதற்பத்தியில் எழுதலாகாது என்று மட்டும் சொல்லுவோம். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு எட்டுப் பத்து உருப்படி வேண்டும். எழுபது இருந்தால் ஒரே ஊரில் ஏழு கச்சேரியைத் திரும்பப் பாடாமல் நடத்தலாம்; தனித்து நிற்பவர்க்கு அது சிறிய செல்வமன்று.

நான்காவது மனோதர்மம். இதை அளக்கவே முடியாது என்பர், முழுதும் முடியாதுதான். ஆனால் ஒரு சிறு சோதனை உண்டு. ஒரே ராகத்தில் ஒரு மாத இடைவெளியில் பாடிய இரண்டு ஆலாபனைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் அப்படியே வரும் பிடிகளைக் குறியுங்கள். அவற்றுள் எவை ராகத்துக்கே உயிரானவை, எவை ஆசிரியரிடமிருந்து வந்தவை, எவை வழக்கத்தால் வாயில் ஒட்டிக்கொண்டவை என்று பிரியுங்கள். மூன்றாம் வகை குறைந்துவந்தால் கற்பனை வளர்கிறது. பதினைந்து நிமிட ஆலாபனையில் பத்தே பிடிகள் சுற்றிச் சுற்றி வருவதைத் தம் காதால் கேட்பது இனிய அனுபவமன்று. என்றாலும், கைதட்டல் சொல்லித்தராத ஒன்றை அது சொல்லித்தருகிறது.

இனி, இலக்கு வகுப்பது. 'அடுத்த மார்கழிக்குள் இன்ன சபாவில் மாலைக் கச்சேரி' என்று ஒருவர் எண்ணுகிறார். 'அடுத்த மார்கழிக்குள் இரண்டு களைப் பல்லவி ஒன்றை மூன்று காலத்திலும் தடுமாறாமல்' என்று இன்னொருவர் எண்ணுகிறார். முன்னது நிறைவேறுவது பிறர் கையில். பின்னதோ அவருடைய இரண்டு கையில், தாளம் போடும் கையையும் சேர்த்து. முதலாவதை எண்ணவே கூடாது என்று சொல்வது துறவிக்குப் பொருந்தும். வாடகை கொடுப்பவர்க்குப் பொருந்தாது. அவர் அதை விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளட்டும்: இவ்வாண்டு இத்தனை சபாக்களுக்கு எழுதுவேன், இத்தனை பேரை நேரிற் காண்பேன் என்று. எழுதுவது அவர் செயல். அழைப்பது அவர்கள் செயல். அழைப்பு வராத ஆண்டிலும் இலக்கு நிறைவேறியிருக்கும், பல்லவியும் கைவந்திருக்கும்.

மணிக்கணக்கை இலக்காக வைப்போரும் உண்டு. 'பத்தாயிரம் மணி நேரம்' என்னும் சொற்றொடர் உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் வேர், ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியலாளரும் அவர் துணைவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் பயின்ற மாணவருள் தலைசிறந்தவர்கள், இருபது வயதுக்குள் தனியே பயிற்சி செய்த நேரம் சராசரியாக அவ்வளவு என்று அவர்கள் மதிப்பிட்டனர். சராசரி என்பதை மறந்து, அத்தனை மணி நேரம் கடந்தவர் எல்லாரும் வித்துவான் ஆவர் என்று மக்கள் கொண்டுவிட்டனர். அந்தப் பொருளில் தாம் சொல்லவில்லை என்று எரிக்சனே பின்னர் விளக்கவேண்டியதாயிற்று. எந்தக் குறையைத் தீர்க்க அமர்ந்தோம் என்னும் தெளிவுடன் செய்த பயிற்சியே அவர் வற்புறுத்தியது. தெரிந்த வர்ணத்தையே பாடிக்கொண்டு கழித்த இரண்டு மணி நேரம் மனத்துக்கு இதமளிக்கும். ஏட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே 'நாளைக்கு மூன்று மணி நேரம்' என்று எழுதாமல், 'இவ்வாரம் அகார சாதகத்தில் மத்திய பஞ்சமத்துக்குமேல் குரல் மெலியாமல்' என்று எழுதுவது மேல்.

முன்னேற்றம் சாய்தளம்போல் சீராக ஏறுவதில்லை, படிக்கட்டுபோல் ஏறுகிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நான்கு மாதம் ஒன்றும் நிகழாது; பின்பு ஒரு காலையில் நிரவல் தானே ஓடும். அந்த நான்கு மாதத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். அப்பொழுது பழைய பதிவுகள் கைகொடுக்கும். சென்ற மாதத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரியாது. சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் தெரியும்.

பிறர் அளவையை ஒதுக்கித் தம் காதையே நம்புவது நடைமுறையில் ஆகக்கூடியதா என்று கேட்கலாம். ஆயிற்று என்பதற்குச் சான்று ஒன்று அமெரிக்காவில் உண்டு. சாக்ஸபோன் என்னும் கருவியை நம் நேயர்கள் கத்ரி கோபால்நாத் அவர்கள் வாயிலாக அறிவர். ஜாஸ் இசையில் அதனை வாசித்த சன்னி ராலின்ஸ் என்பவர் 1930-இல் பிறந்தவர். 1956-இல் பதிவு செய்த இசைத்தட்டொன்றினாலேயே பெரும்புகழ் பெற்றுவிட்டார். விமர்சகர் புகழ்ந்தனர், கச்சேரிகள் குவிந்தன. ஆனால் 1959-இல் அவர் மேடையை விட்டு விலகினார். தமக்குக் கிடைக்கும் புகழுக்கு ஏற்ற அளவு தம் வாசிப்பு இல்லை என்பது அவர் எண்ணம். அவர் குடியிருந்தது நியூயார்க் நகரின் நெருக்கமான பகுதி. அண்டை வீட்டில் கருவுற்ற பெண்ணொருத்தி இருந்தமையால் வீட்டில் ஊதித் தொல்லை தர விரும்பவில்லை. அருகிலிருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்கு ஏறிச் சென்றார். ஒரு புறம் ரயில் ஓட, கீழே ஆற்றில் படகுகள் செல்ல, கோடையிலும் பனியிலும் நாள்தோறும் பல மணி நேரம் அங்கே பயின்றார். 1961-இன் இறுதியில் மேடைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டுக்குப் 'பாலம்' என்னும் பொருளுடைய பெயரையே இட்டார்.

அவர் திரும்பி வந்தபோது வாசிப்பில் புரட்சி ஒன்றும் இல்லையே என்று சில விமர்சகர்கள் ஏமாற்றமடைந்தனர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவர் தேடியது அவர்கள் எதிர்பார்த்தது அன்று. தம் ஏட்டில் எழுதியிருந்த குறையைத் தீர்க்கப் போனார். தீர்ந்ததென்று தமக்குத் தோன்றியபோது வந்தார்.

இரண்டு ஆண்டு வருவாயின்றி இருக்க எல்லாராலும் ஆகாது. நம் நாட்டில் அதற்கு ஒரு சிறு மாற்று உண்டு. மார்கழி முடிந்து, பங்குனி சித்திரை உற்சவக் கச்சேரிகள் தொடங்குமுன் ஓர் இடைவெளி கிடைக்கிறது. அதில் ஆறு வாரத்தைப் புதிய அழைப்பு எதையும் ஏற்காமல் ஒதுக்கி, ஏடு காட்டும் ஒரே ஒரு குறையில் செலவிடலாம். ஆறு வாரச் செலவுக்கு வேண்டிய பணத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதும் கலை இலக்குகளுள் ஒன்றே.

இங்கே பணக்கணக்கைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான இளங்கலைஞர்க்குச் சோறு போடுவது கச்சேரியன்று, மாணவர்க்குச் சொல்லித்தருவது. பக்கவாத்தியக்காரருக்கு உரியதும் போக்குவரத்தும் போனபின் சன்மானத்தில் மிஞ்சுவது என்னவென்று ஒவ்வொரு கச்சேரிக்கும் எழுதி வைக்கவேண்டும். மிஞ்சாத கச்சேரியை ஏற்கலாகாது என்பதில்லை, அறிந்து ஏற்கவேண்டும். அதுபோலவே, மாலை முழுதும் சரளி வரிசை சொல்லித்தந்த குரல் மறுநாட் காலை அகார சாதகத்துக்கு எழுவதில்லை. மாணவர் எத்தனை பேர் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வைப்பதைக் கருமித்தனம் என்று எண்ணவேண்டாம்.

ஏடும் பதிவும் இருந்தாலும், வெளியிலிருந்து ஒரு காதேனும் வேண்டும். உறவினர் பயன்படார், அவர்கள் அன்பு குறுக்கே நிற்கும். உடன் வாசிக்கும் மிருதங்கக்காரரைக் கேட்பது என் அனுபவத்தில் சிறந்தது. பாடுபவரின் காலப்பிரமாணம் எங்கே நழுவிற்று என்று அவர் விரல்களுக்குத் தெரியும். கேட்டாலொழிய அவர் சொல்லமாட்டார். கேட்கும்போதும் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'திவ்வியமாக இருந்தது' என்பார். 'நிரவலில் இரண்டாவது வரிக்கு வந்தபோது ஓட்டம் ஏறிற்றா?' என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்.

வயது ஏற ஏற அளவுகோலையும் மாற்றவேண்டியிருக்கும். ஐம்பதைக் கடந்த பாடகர் தம் ஏட்டில் தார காந்தாரம் ஆண்டுக்கு ஆண்டு அரிதாவதைக் காண்பார். அதை இளமையில் வகுத்த இலக்குடன் ஒப்பிட்டு வருந்துவோர் உண்டு. குரலை வருத்திப் பாழாக்கிக்கொள்வோரும் உண்டு. ஒன்றரைக் கட்டையில் பாடியவர் ஒரு கட்டைக்கு இறங்கி, புதிய சுருதியில் மந்தரத்தை எவ்வளவு தூரம் ஆளமுடிகிறது என்று அளக்கத் தொடங்கலாம். அதற்கு ஏட்டில் புதிய பக்கம் ஒன்று வேண்டும். பைரவி வர்ணத்தையும் அந்தச் சுருதியில் புதிதாகப் பதிவு செய்து, நாள் குறித்து வைக்கவேண்டும்.